காவேரிக்கு விடுமுறை

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காஷ்மீரத்துக்கோ காசிக்கோ போய் வந்துதான் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் கடலைத் தாண்டிப் போய் வந்து எழுதுகிறார்கள். உபாத்தியாயர் சம்பளத்தில் அவ்வளவு தூரமெல்லாம் போவதற்கில்லை. ஆகையால், நாம் தினந்தோறும் செய்கிற பிரயாணம் ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதன் தூரம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். புறப்படும் இடம் ஸ்ரீரங்கம். போய்ச் சேரும் இடம் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரம். வழியில் ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு நதி, ஒரு மலை, ஒரு கோட்டை வாசல், இத்தனையும் உண்டு. காஷ்மீரத்தில்கூட ஐந்து கிலோமீட்டருக்குள் இவ்வளவு விஷயம் அகப்படுமா என்பது சந்தேகந்தான்.

இந்தப் பிரயாணத்துக்கு நம்மிடம் ஒரு மோட்டார் கார் இருக்கிறது. அதைக் கார் என்று சொன்னால் மற்றக் கார்கள் வருத்தப்படக் கூடும். நமக்கு முன்னால் அதை இரண்டு பேர் வைத்திருந்தார்கள். இரண்டாவது மனிதர் அதை நம்மிடம் ஒப்படைத்தபோது அவருடைய முகத்தில் ஓர் அலாதியான நிம்மதி தோன்றிற்று. அதன் காரணம் அன்றைக்கு நமக்கு விளங்கவில்லை. இப்போது நன்றாய் விளங்குகிறது.

காரின் பின்னாசனத்தில் நமது புதல்வி உட்கார்ந்திருப்பாள். வயது ஆறு. அவள் படிக்கும் பள்ளிக்கூடமும் நாம் சரித்திரம் போதிக்கும் உயர்நிலைப் பள்ளியும் அடுத்தடுத்த தெருக்களில் இருப்பதால், காலையில் இருவரும் சேர்ந்தே புறப்படுவோம். ஏறி உட்கார்ந்ததும் வாரை எடுத்துப் பூட்டிக் கொள்வாள். அந்த வார் உடம்பைக் கட்டுமே தவிர வாயைக் கட்டாது. வண்டி நகர்ந்ததோ இல்லையோ, கேள்விகளும் புறப்பட்டுவிடும். நாம் முன்னால் சாலையைப் பார்ப்பதா, கண்ணாடியில் பின்னால் அவள் முகத்தைப் பார்ப்பதா என்று திண்டாடிக்கொண்டே போவோம்.

முதலில் வருவது ராஜகோபுரம். பதின்மூன்று நிலைகள், 236 அடி உயரம். ஊருக்குப் புதிதாய் வருகிறவர்கள் கழுத்து வலிக்க அதை அண்ணாந்து பார்ப்பார்கள். ஊர்க்காரர்களாகிய நாம் அதன் கீழே கீரை விலை பேசுவோம். ஒரு நாள் குழந்தை கேட்டாள்:

"அப்பா, இந்தக் கோபுரம் எப்பவுமே இவ்வளவு உயரமா?"

"இல்லையம்மா. உன் பாட்டி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அடிப்பாகம் மட்டுந்தான் இருந்தது. மொட்டைக் கோபுரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்."

கண்ணாடியில் பார்த்தோம். குழந்தையின் முகத்தில் ஆழ்ந்த யோசனை தெரிந்தது.

"யார் மொட்டை அடிச்சாங்க? சமயபுரத்திலேயா?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஜில்லாவில் யாருக்காவது முடி இறக்க வேண்டுமென்றால் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குத்தான் அழைத்துப் போவார்கள். குழந்தைக்கும் அங்கேதான் நடந்தது. ஆகையால் அவளுடைய கேள்வியில் குற்றம் சொல்ல இடமில்லை.

சரித்திர உபாத்தியாயர் சும்மா இருப்போமா? உடனே பாடத்தைத் தொடங்கினோம். விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தில் இந்தக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது; வேலை பாதியில் நின்றுபோனது; நானூறு வருஷத்துக்கு மேல் அது அப்படியே நின்றது; பிறகு அஹோபில மடத்து 44-வது ஜீயர் முன்னின்று முயன்றதில் 1987-ம் வருஷம் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் நடந்தது ஆகிய எல்லாவற்றையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். குழந்தை பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"நானூறு வருஷமா வளராத முடி அப்புறம் எப்படி வளர்ந்தது? என்ன எண்ணெய் தேய்ச்சாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

அம்மா மண்டபம் சாலையைக் கடந்தால் மாம்பழச் சாலை. அங்கே மாம்பழம் ஏன் தொங்கவில்லை என்ற விசாரணை ஒரு வாரம் நடந்து, முடிவு தெரியாமல் ஒத்தி வைக்கப்பட்டது. அதற்கப்பால் காவேரிப் பாலம்.

இந்தப் பாலம் 1976-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. வண்டிகளின் பளுவைச் சுமந்து சுமந்து அதன் இணைப்புகள் தேய்ந்துவிட்டபடியால், 2022-ம் வருஷக் கடைசியில் அதை மூடி, பழுது பார்த்து, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அந்த நாலு மாதமும் நாம் ஊரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்த கதையைக் குழந்தைக்கு ஒரு நாள் சொன்னோம்.

"பாலத்துக்கு என்ன உடம்பு?"

"மூட்டுத் தேய்மானம். மூட்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாய்ப் போட்டார்கள்."

"பாட்டிக்கும் அதுதானே அப்பா?"

"அதேதான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியதும், ஊஞ்சலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த நமது தாயாரிடம் குழந்தை போய் நின்றாள். "பாட்டி, உங்களை நாலு மாசம் மூடி வைக்கப் போறாங்க. யாரும் உங்க மடியிலே ஏறக் கூடாது. எல்லோரும் அம்மா மடி வழியாச் சுத்திப் போகணும்" என்று தெரிவித்தாள். நமது தாயார் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிப்பதற்கில்லை.

பாலத்தின் நடுவில் வந்தால் நதி. நதி என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக. சித்திரை மாதத்தில் அங்கே இருப்பது மணல். நடுவில் பூணூல் போல ஒரு சிற்றோடை. கரைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, நடுவில் இருந்த ஆசாமி எங்கே என்று கேட்பது போல் இருக்கும். சென்ற 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் குழந்தையும் அதையே கேட்டாள்:

"அப்பா, காவேரி எங்கே போயிருக்கு?"

"மேட்டூரில் இருக்கிறது, அம்மா."

"அங்கே எதுக்கு?"

மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்தது என்றும், 120 அடி வரையில் தண்ணீர் தேக்கலாம் என்றும், வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறப்பார்கள் என்றும், தஞ்சாவூர்ச் சீமையின் குறுவைப் பயிர் அந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது என்றும் சொன்னோம். குழந்தைக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

"ஜூன் மாசமா? எங்க பள்ளிக்கூடமும் ஜூன் மாசந்தான் திறப்பாங்க! அப்போ காவேரிக்கும் கோடை லீவா?"

நாம் யோசித்துப் பார்த்தோம். மறுப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ஆமாம்" என்றோம்.

"மேட்டூர்தான் அதுக்குப் பாட்டி ஊரா?"

"பாட்டி ஊர் இன்னும் மேலே, குடகு மலையில். தலைக்காவேரி என்று பெயர்."

"அப்போ மேட்டூர் அத்தை வீடு."

"அப்படித்தான் வைத்துக்கொள்ளேன். வழியில் கன்னட தேசத்திலும் சில அணைகள் இருக்கின்றன."

"எல்லாம் அத்தை வீடா? ஒவ்வொருத்தரும் 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ'ன்னு சொல்றாங்களா? அதான் வர லேட்டாகுது."

காவேரி விவகாரத்துக்காக 1990-ம் வருஷத்தில் நடுவர் மன்றம் ஏற்பட்டது. 2007-ல் அதன் முடிவு வந்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் வந்தது. எத்தனையோ வக்கீல்கள் எத்தனையோ நாட்கள் வாதாடினார்கள். அந்த வழக்கை இவ்வளவு மனஸ்தாபம் இல்லாமல் எடுத்துச் சொன்னவர்கள் வேறு யாரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

பாலத்திலிருந்து தெற்கே பார்த்தால் மலைக்கோட்டை. ஊர் நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் அந்தப் பாறையின் உயரம் 83 மீட்டர். பல்லவ மகேந்திரவர்மன் குடைவித்த குகை அதில் இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் படிகளும் இருக்கின்றன. உச்சியில் பிள்ளையார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த கதை எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தது. விபீஷணர் ரங்கநாதரின் விக்கிரகத்தை அயோத்தியிலிருந்து இலங்கைக்கு எடுத்துப் போனார். வழியில் காவேரியைக் கண்டதும் நீராட வேண்டுமென்று ஆசை. அங்கே நின்ற ஒரு சிறுவனிடம் விக்கிரகத்தைக் கொடுத்து, "கீழே வைத்துவிடாதே" என்று சொல்லிப் போனார். சிறுவன் கீழே வைத்துவிட்டான். விக்கிரகம் தரையோடு பதிந்துவிட்டது. அதுதான் ஸ்ரீரங்கம். கோபம் கொண்ட விபீஷணர் துரத்த, சிறுவன் மலையுச்சிக்கு ஓடிவிட்டான். அந்தச் சிறுவனே பிள்ளையார்.

இந்தக் கதையைக் குழந்தை பாட்டியிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். ஆனாலும் ஒரு நாள் பாலத்தின் மேல் அவளுக்கு ஒரு பெரிய கவலை வந்துவிட்டது.

"அப்பா, விபீஷணர் இலங்கைக்குத் திரும்பிப் போயிட்டார் இல்லையா?"

"அப்போதே போய்விட்டார்."

"அது பிள்ளையாருக்குத் தெரியுமா?"

"ஏனம்மா?"

"அவர் இன்னும் அங்கேயே ஒளிஞ்சுட்டு இருக்காரே! ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னு யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?"

நாம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பல முறை ஏறியும் இருக்கிறோம். நமக்கு வேண்டியதையெல்லாம் பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறோமே தவிர, அவருக்கு ஏதாவது தகவல் வேண்டியிருக்குமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

குழந்தை மேலும் சற்று யோசித்தாள். பிறகு, அன்றுவரை சேகரித்த விஷயங்களையெல்லாம் ஒன்றுகூட்டி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"பெருமாள் படுத்துத் தூங்கறார். பிள்ளையார் ஒளிஞ்சு விளையாடறார். காவேரி லீவிலே அத்தை வீட்டுக்குப் போயிருக்கு. நான் மட்டும் பள்ளிக்கூடம் போகணுமா?"

நாமும்தானே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தோம். அந்த நியாயம் அங்கே செல்லாது என்று தோன்றியதால் சும்மா இருந்துவிட்டோம்.

பாலத்தை விட்டு இறங்கினால் சிந்தாமணி. பிறகு சத்திரம் பஸ் நிலையம். அந்த இடத்துக்குக் காலை எட்டரை மணிக்கு வந்து பார்த்தவர்களுக்கு வேறு நரகம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பஸ்ஸும் ஆட்டோவும் பூக்கூடையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அதைத் தாண்டி மெல்ல ஊர்ந்து போனால் வருவது மெயின்கார்டு கேட். பழைய கோட்டையின் வாசல் அது. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்துச் சாலைகள் போட்டுவிட்டார்கள். வாசல் மட்டும் தனியே நிற்கிறது. இதைக் குழந்தை முதன் முதலில் கவனித்தபோது, "சுவரே இல்லாம வாசல் மட்டும் எதுக்கு? திருடன் பக்கத்து வழியா வந்துடுவானே!" என்றாள். நாமும் சிரித்தோம்.

ஆனால் அதே வாசலில் பின்னொரு நாள் நாம் சிரிக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததே அந்த நாளால்தான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜூன் 9-ம் தேதி, திங்கட்கிழமை. புறப்படும்போதே நேரமாகிவிட்டது. பாலத்தின் மேல் வண்டி இரண்டு முறை நின்றுவிட்டது. மெயின்கார்டு கேட்டுக்கு வந்தபோது முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி, இரண்டு பக்கமும் ஹாரன் சப்தம். அப்போது குழந்தை கேட்டாள்:

"அப்பா, இந்தக் கோட்டைக்காக யார் சண்டை போட்டாங்க?"

"இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும்."

"அவங்க ஊர்க் கோட்டையா இது?"

"இல்லை. நம்முடைய கோட்டை."

"நம்ம கோட்டைக்காக அவங்க ஏன் சண்டை போட்டாங்க?"

"அது பெரிய கதை. அப்புறம் சொல்கிறேன்."

"அப்போ நாம எங்கே இருந்தோம்?"

பஸ் நகரவில்லை. லாரிக்காரர் ஹாரனை விடவில்லை. நாம் திரும்பிப் பார்த்து, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வர மாட்டாயா? எப்போது பார்த்தாலும் கேள்வி!" என்று இரைந்துவிட்டோம்.

கண்ணாடியில் பார்த்தபோது குழந்தை ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அப்படி உட்காரப் பழக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதும் விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நமக்கு முதல் மணி எட்டாம் வகுப்பில். கர்நாடக யுத்தங்களைப் பற்றி முன்னுரையாகச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று எண்ணியிருந்தோம். இருபது வருஷமாக நடத்துகிற பாடம். நாம் தூங்கிக்கொண்டே நடத்துவோம். பிள்ளைகளும் அதே நிலையில் கேட்பார்கள். 1751-ல் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர் துணையுடன் வந்து திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்த முகம்மது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனி உதவியது. பிரெஞ்சுப் படை பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்துகொண்டது. 1752 ஜூன் மாதத்தில் அது சரணடைந்தது. இவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தோம். முடித்துவிட்டு வழக்கம்போல், "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்றோம்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில், "இல்லை, ஸார்!" என்றார்கள்.

இருபது வருஷமாக அந்தப் பதிலைக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். நமது போதனை அவ்வளவு தெளிவு என்று எண்ணியிருக்கிறோம். அன்றைக்கு அந்தக் குரல் காதில் விழுந்தபோது, நாற்பத்திரண்டு உதடுகளின் மேலும் நாற்பத்திரண்டு விரல்கள் இருப்பது போலத் தோன்றிற்று. அவர்களும் ஆறு வயதில் ஏதோ ஒரு பாலத்தைக் கடந்து வந்தவர்கள்தானே? நதி எங்கே போயிற்று என்று கேட்டிருக்க மாட்டார்களா? ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் அந்தக் கேள்விகளெல்லாம் எங்கே போய்விட்டன? மேட்டூரில் தேங்கியிருந்தாலும் ஜூன் மாதத்தில் திறந்துவிடலாம். இவற்றைத் தேக்கி வைத்த அணை எது? பாடம் முடிப்பதற்கு நேரமாகிறதென்று ஒவ்வொரு கல்லாக அதைக் கட்டினவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ராஜகோபுரத்தைக் கடந்தோம். பேச்சு இல்லை. மாம்பழச் சாலையில் ஒரு தள்ளுவண்டி நிறைய மாம்பழம் நின்றது. "அதோ பார், மாம்பழம்!" என்றோம். தலையை மட்டும் அசைத்தாள். பாலத்தின் மேல், "பிள்ளையார் இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறார் போலிருக்கிறது" என்று தூண்டில் போட்டோம். மீன் கடிக்கவில்லை. அந்த ஐந்து கிலோமீட்டர் தூரம் அன்றைக்கு ஐம்பது கிலோமீட்டராக நீண்டது. புதன்கிழமையும் அப்படியே. நமது கார் இவ்வளவு சப்தம் போடும் என்பது அந்த இரண்டு நாட்களில்தான் நமக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை கால் மணி முன்னதாகவே புறப்பட்டோம். பாலத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் திரும்பினோம்.

"அம்மா, அன்றைக்கு அப்பா உன்னைக் கோபித்துக்கொண்டது தப்பு."

விரல் உதட்டிலிருந்து இறங்கியது. ஆனால் பேச்சு இல்லை.

"நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் கோபம் வந்தது."

குழந்தை ஆச்சரியத்துடன் பார்த்தாள்.

"தெரியலேன்னா கோபம் வருமா?"

"பெரியவர்களுக்கு வரும்."

அவள் நெடுநேரம் யோசித்தாள்.

"அப்போ எங்க மிஸ்ஸுக்குக்கூட நிறைய விஷயம் தெரியாது போலிருக்கு" என்றாள்.

உத்தியோகத்தில் நமக்குச் சகோதரியான அந்த அம்மையாரை நாம் விட்டுக்கொடுக்கலாமா? அவருக்கு நாற்பது குழந்தைகள், நமக்கு ஒரே குழந்தை, அதற்கே நம்மால் முடியவில்லையே என்று எடுத்துச் சொன்னோம். குழந்தை அந்தச் சமாதானத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. ஆனால் பேச்சு திரும்பிவிட்டது.

அன்று எட்டாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. "நமது ஊர்க் கோட்டைக்காக இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டார்கள். அப்போது நாம் எங்கே இருந்தோம்?" என்று கரும்பலகையில் எழுதினோம். பிறகு, "இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்றாம் வகுப்புப் பெண். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்றோம்.

உபாத்தியாயருக்குத் தெரியாது என்றால் பிள்ளைகளுக்கு உண்டாகும் உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஐந்து நிமிஷம் ஒரே கூச்சல். ஒருவன், நாம் வயலில் இருந்தோம் என்றான். ஒருவன், நாம் பயந்து ஓடிவிட்டோம் என்றான். கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான். சென்ற வருஷம் முழுவதும் அவன் குரலை நாம் கேட்டதில்லை. அவன் மெதுவாய் எழுந்து, "ஸார், இரண்டு படையிலும் சிப்பாய்கள் இருந்தார்கள் என்று சொன்னீர்களே, அவர்கள் யார்?" என்றான்.

வகுப்பு அடங்கிப் போயிற்று.

அவர்கள் நம்மவர்கள். இங்கிலீஷ்காரர் பக்கத்திலும் சிப்பாய்கள் நம்மவர்கள். பிரெஞ்சுக்காரர் பக்கத்திலும் நம்மவர்கள். மைசூர்ப் படையும் தஞ்சாவூர்ப் படையும் மராட்டியக் குதிரை வீரர்களும் வந்திருந்தார்கள். ஐரோப்பியர்கள் சில நூறு பேர். மற்றவர்கள் ஆயிரம் ஆயிரமாய் நாம்தான். இந்த விஷயம் நமது குறிப்புப் புத்தகத்தில் இருபது வருஷமாக எழுதிக் கிடக்கிறது. அது ஒரு கேள்விக்குப் பதில் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் திரும்பி வரும்போது மெயின்கார்டு கேட்டில் குழந்தையிடம் சொன்னோம்: "நீ கேட்டாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நாம் இரண்டு பக்கத்திலும் இருந்தோம், அம்மா."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமாம்."

"அப்போ நாமதான் ஜெயிச்சோமா, நாமதான் தோத்தோமா?"

இதற்கும் நமக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை. "நாளைக்கு எட்டாம் வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன்" என்றோம்.

அன்றைக்குத் தேதி ஜூன் 12. அன்றுதான் மேட்டூர் அணையையும் திறந்தார்கள். சில நாளைக்கெல்லாம் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது பாலத்தின் மேல் ஏறியதும் குழந்தை கூவினாள். மணலைக் காணோம். கலங்கிய செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக, கரைகள் இரண்டையும் தொட ஆசைப்பட்டுக்கொண்டு காவேரி போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரத்தில் சைக்கிள்களை நிறுத்திவிட்டுப் பலர் கைகூப்பி நின்றார்கள். வயதான ஓர் அம்மாள் பூவை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

நாமும் வண்டியின் வேகத்தைக் குறைத்தோம். அதற்கு அதிக சிரமம் தேவைப்படவில்லை. குழந்தை கண்ணாடிச் சாளரத்தில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரம் ஆச்சு. இப்பத்தான் வருதா?" என்றாள் கண்டிப்பான குரலில். உடனே அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது.

"அப்பா, காவேரியை யாரும் திட்டக் கூடாது. லேட்டானாலும் வந்துடுச்சே!"

"திட்டமாட்டோம், அம்மா" என்று வாக்குக் கொடுத்தோம்.